குறிப்பில் சேராதவை

காலை பத்தரைக்கு நோய் வந்தது.
ஆட்சியர் அலுவலகத்து இரண்டாம் மாடியில்,
சுவரில் இறக்கிவிட்ட வெள்ளைத் திரையில்,
தலைவாசல் பக்கம் ஒரு பண்ணையில்
மூவாயிரம் கோழிகள் செத்துக் கிடந்தன.
ஒத்திகைதான்.
ஆனாலும் கால்நடை மருத்துவர் நஸ்ரீன்
கைகளை ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

நான் நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவள்.
யார் எதைச் சொல்லி எங்கே நிறுத்தினாலும்
'என முடிவு செய்யப்பட்டது' என்று
கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை.

பதினொன்றுக்குப் பண்ணை ஆள் ஒருவருக்குக் காய்ச்சல்.
பதினொன்று இருபதுக்கு
அவர் சேலம் பஸ்ஸில் ஏறிவிட்டார்,
ஜன்னலோரம், படம் போட்டுக் காட்டினார்கள்.
டீ வந்தபோது ஐந்து ரோட்டில் நூற்றுப் பத்துப் பேர்.
பிஸ்கட் தட்டு மேசையைச் சுற்றி முடிப்பதற்குள்
செவ்வாய்ப்பேட்டை மண்டித் தெரு
மொத்தமும் இருமியது.

முகக்கவசம் எத்தனை?
கிடங்கில் இரண்டு லட்சம்.
காலாவதித் தேதியைப் படித்தவர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு
இன்னொரு முறை படித்தார்.
மாத்திரை?
கேட்டு எழுதியிருக்கிறோம்.
எழுதியதற்கு?
நினைவூட்டு எழுதியிருக்கிறோம்.

பிறகு தொழில்துறை.
நூற்றுக்கு நாற்பது ஆள் வராவிட்டால்
எப்படி ஆலையை நடத்துவீர்கள்?

சேகோ ஆலை அர்த்தநாரி எழுந்து நின்றார்.
"நடத்தறத விடுங்க சார்,
நிறுத்தறதுக்கே எனக்கு முப்பது ஆள் வேணுங்க.
தொட்டியில நிக்கிற மாவுப்பாலு
ராத்திரி தாண்டுனா புளிச்சுப் போயிருங்க.
ஊரடங்குன்னு அதுக்கு யாரு சொல்றது?"
சிரித்தார்கள்.
வார்ப்படச் சாலைக்காரர் சிரிக்கவில்லை.
உலைக்குள் உருகி நிற்கும் இரும்பை
யாரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போவது என்று
அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஆக்சிஜன் நிரப்பும் இக்னேஷியஸ்
கேட்காமலே சொன்னார்:
"சிலிண்டர் இருக்கு. டேங்கர் இருக்கு.
ஓட்டறவங்க அஞ்சு பேரு.
அதுல நாலு பேரு
கன்னங்குறிச்சியில ஒரே காம்பவுண்டுல குடியிருக்காங்க.
தண்ணிக் குழாய் ஒண்ணுதான்."

ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலைமேல்
மேகம் ஒரு கொண்டை ஊசி கீழே இறங்கியிருந்தது.
கொஞ்ச நேரம் எல்லோரும் அதைப் பார்த்தோம்.

முதல் தடுப்பூசி யாருக்கு என்று ஒரு படிவம்.
இன்றியமையாப் பணியாளர்: பெயர், பதவி, அலைபேசி.
அர்த்தநாரியின் பட்டியலில் அறுபத்திரண்டு பெயர்.
கடைசி வரியில் மட்டும் 'ஒரிசா, 18'.
பெயர் வேண்டுமே என்றேன்.
உலர்களத்துக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தார்.
தீபக் நாயக், பிரசாந்த் மாஜி, இன்னொரு தீபக்.
காய்ப்போட்ட ஜவ்வரிசியைப் பலகையால் தள்ளும் சத்தத்தோடு
பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன.
பதினேழுதான் வந்தது.
பதினெட்டாவது ஆள் யாரென்று
அங்கேயும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றரைக்குச் சாப்பாடு; அதற்குள்
திரையில் நோய் முடிந்தாக வேண்டும்.
எரிமேடை இரண்டு, என்றது மாநகராட்சி.
இயக்குபவர்?
ஒருவர்.
மாற்று ஆள்?
மின்விசிறி சுற்றியது.

எல்லோரும் எலுமிச்சைச் சாதத்துக்கு இறங்கிப்போனபின்
அந்த ஒருவருக்குப் போன் செய்தேன்.
"பச்சியண்ணன் பேசறேன். பாடி எத்தன மணிக்கு வருதுங்க?"
இல்லை, இது ஒத்திகை என்றேன்.
"அப்படிங்களா.
நான் லீவு கேட்டுக் குடுத்த கடுதாசி
எட்டு மாசமா அங்கதானுங்க இருக்குது."
மாற்று ஆள் இருக்கிறாரா என்று கேட்டேன்.
யோசித்தார்.
"என் மச்சான் வருவானுங்க.
கேஸ் தொறக்கத் தெரியாது.
ஆனா பயப்பட மாட்டான்."

எழுதிக்கொண்டேன்.
எந்தத் தலைப்பின்கீழ் சேர்ப்பது என்று
இன்னும் தெரியவில்லை.